பெட்டி மலிவு, கம்பம் மலிவல்ல

உப்பளத்து நடுவில் எடைமேடை இருக்கிறது. கணக்கு பார்க்கும் அலுவலகம் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாத்திகள், வரப்புகள், உப்புத் தண்ணீர். கம்பம் நட்டு கேபிள் இழுக்கலாம் என்றால் செலவு கட்டுப்படியாகாது. இழுத்தாலும் லாரி போகும் வழியில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. முள்ளக்காட்டிலிருந்து ஆறுமுகநேரி வரைக்கும், வடக்கே தருவைகுளம், வேப்பலோடை, வேம்பார் வரைக்கும் தூத்துக்குடிக் கடற்கரையில் இது பொதுவான சிக்கல். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளுக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும், ஐஸ் பேக்டரிகளுக்கும், இறால் பண்ணைகளுக்கும் இதே கதைதான். இதற்கு இன்று கிடைக்கும் மிக மலிவான விடை ஒரு ஜோடி வயர்லெஸ் பிரிட்ஜ். இந்த முனையில் ஒரு ரேடியோ, அந்த முனையில் ஒரு ரேடியோ, நடுவே காற்று.

டிபி-லிங்கின் சிபிஇ வரிசை, யுபிக்விடியின் நானோஸ்டேஷன், லைட்பீம், மைக்ரோடிக்கின் எல்எச்ஜி என்று சந்தையில் தேர்வுக்குப் பஞ்சம் இல்லை. எளிய மாடல்களில் ஒரு ஜோடி பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாத வாடகை இல்லை. அலைவரிசைக்குக் கட்டணமும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2005 ஜனவரியிலும், வெளிப்புறப் பயன்பாட்டுக்கு 5.8-ஐ ஒட்டிய ஒரு சிறு துண்டை 2007-இலும் மத்திய அரசு உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்பட்டது. சிறு முதலாளி ஒருவர் யாரிடமும் விண்ணப்பிக்காமல் தன் இரண்டு இடங்களைத் தானே இணைத்துக்கொள்ள முடிகிறது என்பது சாதாரண விஷயம் அல்ல. இந்த முறையின் முதல் பலம் அதுதான்.

இரண்டாவது பலத்தை இந்த நிலமே தருகிறது. ரேடியோ அலைக்கு வேண்டியது நேர்பார்வை. மலையும் மாடிக்கட்டடமும் இல்லாத உப்பள வெளி அதற்காகவே செய்த மாதிரி இருக்கிறது. சிம் போட்ட ரூட்டரோடு ஒப்பிட்டால் மூன்றாவது பலம் தெரியும். கேமரா படங்களை மேலே அனுப்பும் வேகம் செல்போன் டவரின் நெரிசலைப் பொறுத்து ஏறி இறங்கும். பிரிட்ஜில் இரு முனையும் நம்முடையவை என்பதால் அந்த நெரிசலில் நமக்குப் பங்கு இல்லை. எட்டு கேமராக்கள் வைத்தாலும், ஒன்றுக்கு 4 மெகாபிட் என்று கணக்கிட்டால் 32 மெகாபிட்தான். நல்ல நிலையில் உள்ள மலிவு பிரிட்ஜ் இதைச் சிரமமில்லாமல் சுமக்கும்.

குறைகள் அட்டைப்பெட்டியின் மேலேயே தொடங்குகின்றன. சிபிஇ510 போன்ற மாடல்களின் மீது 300 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கும். அது காற்றில் இரு ரேடியோக்களும் பேசிக்கொள்ளும் உச்ச வேகம். ஒன்று பேசும்போது மற்றது கேட்க வேண்டும் என்பதாலும், பேச்சின் ஒரு பகுதி நிர்வாகச் செய்திகளுக்கே போய்விடுவதாலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. அதற்கும் மேலே ஒரு பூட்டு உண்டு: அந்தப் பெட்டியின் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட் வகை. காற்றில் என்ன வேகம் வந்தாலும் கம்பியில் நூறைத் தாண்டாது. எட்டு கேமராவுக்கு இது குறையே இல்லை. முழு அலுவலகத்தையும் அதன் மேல் ஏற்ற நினைப்பவருக்குத்தான் குறை. அவர் கிகாபிட் போர்ட் உள்ள மாடலைத் தேட வேண்டும்.

அடுத்தது தூரம். அதே பெட்டி 15 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்கிறது. இந்திய விதிப்படி 5.8 பட்டையில் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியே போகும் திறன் 4 வாட்டைத் தாண்டக்கூடாது. டெசிபல் கணக்கில் 36 டிபிஎம். 5 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடப்பதில் சுமார் 122 டெசிபல் இழப்பாகிறது. எதிர்முனையில் 13 டிபிஐ பெருக்கமுள்ள பேனல் ஆன்டெனா இருந்தால் வந்து சேர்வது −73 டிபிஎம் அளவு. அது பிழைத்துக்கொள்ளும் சிக்னல், செழிப்பானது அல்ல. தூரத்தை 15 கிலோமீட்டராக்கினால் இன்னும் ஒன்பதரை டெசிபல் போய் −82-க்கு இறங்கும். இணைப்பு அறுந்துவிடாது, விளக்கும் எரியும். வேகம்தான் அடித்தட்டுக்குப் போய்விடும். 23 டிபிஐ டிஷ் வைத்தால் 5 கிலோமீட்டரில் −63 கிடைக்கும். சட்டத்துக்குள் நிற்க டிஷ்ஷின் அனுப்பும் திறனைக் குறைத்தாக வேண்டும். ஆனால் கேட்கும் காதைக் குறைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. லாபம் அங்கேதான் வருகிறது.

இந்தக் கணக்கைப் போடாதவர்கள் செய்யும் குறுக்குவழி, செட்டிங்கில் நாட்டின் பெயரை மாற்றி அனுப்பும் திறனை உச்சத்துக்கு ஏற்றுவது. விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, அது பயனும் இல்லாதது. உரிமமில்லாப் பட்டை ஊர்ப் பொதுச் சொத்து. ஒருவர் கத்தினால் அடுத்தவரும் கத்துவார். கடைசியில் துறைமுகச் சாலையில் யாருடைய இணைப்பும் நேராக நிற்காது. வாங்கும்போதே இந்திய உபகரண வகை ஒப்புதல் பெற்ற மாடல்தானா என்று பார்ப்பதும், இணைப்பில் கிடைக்கும் இணையத்தைப் பக்கத்துக்காரருக்குக் காசுக்கு விற்காமல் இருப்பதும் இதே ஒழுக்கத்தில் சேர்ந்தவை. விற்பதற்கு உரிமம் வேண்டும், அல்லது 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வானி பொது வை-ஃபை திட்டத்தின் வழியில் போக வேண்டும்.

நேர்பார்வை என்பதையும் பலர் கண்ணால் மட்டும் அளக்கிறார்கள். அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு நீள்வட்டக் குழாயாகப் போகிறது. பிரெனல் வளையம் என்பது அதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுமையத்தில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 5 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். வெறும் பாத்தியின் மேல் கம்பம் நட்டவர் தட்டுமேட்டில் உப்பு அம்பாரம் ஏறும்போது இதைக் கற்றுக்கொள்கிறார். தை, மாசியில் பளிச்சென்று இருந்த இணைப்பு சீசன் உச்சத்தில் தள்ளாடினால் ரேடியோவைக் கழற்றுவதற்கு முன்னால் நடுவழியில் என்ன குவிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது. யார்டுப் பக்கம் இது இன்னும் கடுமை. ஒரு கன்டெய்னரின் உயரம் 2.6 மீட்டர், ஐந்தை அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். அது நேற்று இருந்திருக்காது, நாளையும் இருக்காது. ஓடைக்கரைச் சீமைக் கருவேலமும் தேரிப் பக்கத்துப் பனங்கூட்டமும் இலையாலேயே 5 கிகாஹெர்ட்ஸைக் குடித்துவிடும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொரு சிக்கல் நீர் நிறைந்த பாத்தி. அது அலைக்குக் கண்ணாடி. நேராக வரும் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் எதிர்முனையில் மோதி ஒன்றையொன்று அழிக்கலாம். பாத்தியில் நீர் மட்டம் மாற மாற சிக்னலும் மாறும். இரண்டு கம்பத்தையும் ஒரே உயரத்தில் வைக்காமல் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தினால் தெறிக்கும் புள்ளி நடுவிலிருந்து தாழ்ந்த முனைப் பக்கம் நகரும். அங்கே மண்ணோ வரப்போ கட்டடமோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. யோசனை மட்டுமே வேண்டும்.

இந்த முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய தேர்வை எழுதியிருக்கிறது. 2004-இலிருந்து தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து டியர் (TIER) ஆய்வுக் குழுவும் சேர்ந்து, சுற்று வட்டாரப் பார்வை மையங்களைச் சாதாரண வை-ஃபை ரேடியோக்களால் மருத்துவமனையோடு இணைத்தன. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். முதலில் எதிர்ப்பட்டது ரேடியோவின் இயல்பு. வை-ஃபை வீட்டுக்குள் பேசுவதற்காக எழுதப்பட்ட நெறி. அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு வழியிலேயே 50 மைக்ரோ நொடி ஆகிறது. பதில் வருவதற்குள் தொலைந்துவிட்டதென்று நினைத்து ரேடியோ மறுபடி அனுப்பும். குழு அந்த நெறியை மாற்றி, முறை வைத்துப் பேசும் ஏற்பாட்டைச் செய்தது. இன்று யுபிக்விடியின் ஏர்மேக்ஸ், மைக்ரோடிக்கின் என்வி2, டிபி-லிங்கின் மேக்ஸ்ட்ரீம் ஆகியவை செய்வது அடிப்படையில் அதே வேலைதான். பல கிலோமீட்டருக்கு வாங்குபவர் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து, தூரத்தையும் செட்டிங்கில் சரியாகக் குறித்தாக வேண்டும். இரு முனையிலும் ஒரே நிறுவனத்தின் பெட்டி வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே: இந்த முறைகள் ஒன்றோடொன்று பேசா.

ரேடியோப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் பெரிய பிரச்சினை தெரிந்தது. 2008-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வறிக்கை, கிராமப்புற வயர்லெஸ் அமைப்புகளைச் சாகடிப்பதில் தரமற்ற மின்சாரத்துக்கு உள்ள பங்கை விரித்துச் சொன்னது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் அடாப்டர்களை எரித்தது, ரூட்டர்களைத் தொங்கவைத்தது. மின்சாரத்தின் உண்மையான விலை பில்லில் இல்லை, அதன் கெட்ட குணத்தைச் சமாளிப்பதில் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட பாடம். உள்ளூர் ஊழியர்களைப் பழக்கிப் பராமரிப்பைப் படிப்படியாக அவர்களிடம் கொடுத்ததாலேயே அந்த அமைப்பு சோதனைக் கட்டத்தைத் தாண்டியது.

தேனியில் மின்சாரம் என்றால் தூத்துக்குடியில் அதோடு உப்பும் காற்றும் சேரும். உப்புக் காற்று ஜிஐ பைப்பின் வெல்டிங் மூட்டையும் கிளாம்பையும் முதலில் தின்னும். பிறகு ஆர்ஜே45 முனையின் தொடுபரப்பில் பச்சை பூக்கும். மழை வந்தால் லைன் போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கலாம். 5 கிலோமீட்டரில் சாதாரண மழை 5.8 கிகாஹெர்ட்ஸில் விழுங்கும் சிக்னல் மிகச் சொற்பம். பெரும்பாலும் குற்றவாளி கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர்தான். வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள், பெட்டிக்குள் நுழையும் முன் தண்ணீர் சொட்டிப்போக ஒரு தாழ்ந்த வளைவு, முனையில் நீர்புகா டேப் ஆகியவற்றுக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதுதான் இந்தக் கடற்கரையின் மிக விலை உயர்ந்த சிக்கனம்.

ஆனி, ஆடிக் கச்சான் காற்று கம்பத்தைத் திருகும். 23 டிபிஐ டிஷ்ஷின் கற்றை சுமார் 10 பாகை அகலம். கம்பம் சில பாகை திரும்பினாலே சிக்னல் கரையத் தொடங்கும். 13 டிபிஐ பேனலின் கற்றை அதைவிடப் பல மடங்கு அகலம் என்பதால் ஆட்டத்தை மன்னிக்கும், ஆனால் சுற்றுப்புற இரைச்சலையும் வாரிக்கொள்ளும். ஆகவே 2 கிலோமீட்டருக்குள், சுமாரான கம்பத்துக்குப் பேனல். அதற்கு மேல் டிஷ், அதற்குக் கட்டுக்கம்பி போட்ட உறுதியான கம்பம் என்பதே சரியான பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு எர்த் கட்டாயம். இதில் ஒரு முரண் உண்டு. உப்பு மண் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும், எர்த் கம்பியை அதைவிட வேகமாக அரித்துவிடும். செம்பு பூசிய கம்பி போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். பெட்டிக்குப் போகும் மின்சாரத்திலும் கவனம் வேண்டும். பல மலிவு மாடல்கள் 24 வோல்ட் வகை. வேறு ஸ்விட்சிலிருந்து 48 வோல்ட்டைக் கண்மூடிச் செலுத்தினால் பெட்டி போய்விடும்.

மன்னார் வளைகுடாவில் கடைசியாக 1961-இல் முடிந்த முத்துக் குளிப்பில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பாரிலிருந்து முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, முத்துக்கு விலை மதிப்பிட்டுப் பார்த்த பின்னரே குளிப்பை அறிவிப்பார்கள். பிரிட்ஜ் வாங்குபவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ ஒரு ஜோடியை இரவல் வாங்கி, மூங்கிலில் கட்டிவைத்து, ஒரு வாரம் மதியத்திலும் இரவிலும் சிக்னலைக் குறித்துக்கொண்டால் எந்த அட்டைப்பெட்டியும் சொல்லாத உண்மை தெரிந்துவிடும்.

கடைசியாக, இந்த முறையால் எந்நாளும் செய்ய முடியாத ஒன்று உண்டு. பிரிட்ஜ் இணையத்தை நீட்டுமே தவிர உண்டாக்காது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டத்தில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல இடங்களில் முடங்கின. அத்தகைய நாளில் பேட்டரியில் ஓடும் பிரிட்ஜ் உயிரோடு இருந்தாலும், ஊர் முனையில் பைபர் செத்திருந்தால் வெளியுலகம் கிடைக்காது. இரு முனைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கொண்டுசேர்க்கும் தமிழ்நாடு பைபர்நெட் திட்டத்துக்குப் பிரிட்ஜ் மாற்று அல்ல. பைபர் வந்து நிற்கும் இடத்திலிருந்து கடைசிச் சில கிலோமீட்டருக்கான துணை.

நிறை குறைகளை எடைபோட்டால் தீர்ப்பு இப்படி வருகிறது. 5 கிலோமீட்டருக்குள், தடையற்ற வெளியில், சில கேமராக்களும் ஒரு கணினியும் இருக்கும் இடத்துக்கு மலிவு பிரிட்ஜைவிட நல்ல விடை இப்போதைக்கு இல்லை. அதன் மலிவை அனுபவிக்கும் வழி மட்டும் தலைகீழானது: பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கம்பத்திலும் எர்த்திலும் கேபிளிலும் போட வேண்டும், இரண்டுக்குப் பதில் மூன்று பெட்டி வாங்கி ஒன்றை அலமாரியில் வைக்க வேண்டும். உதிரி கையில் இருக்கும்போதுதான் மலிவுப் பொருள் நம்பகமான பொருளாகிறது. ஒவ்வொரு மழைக்கு முன்னும் கம்பத்தில் ஏறிக் கிளாம்பையும் கனெக்டரையும் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிந்தவர் தயங்காமல் வாங்கலாம். அப்படி ஒருவர் இல்லாதவருக்கு மாதக் கட்டணம் கட்டும் சிம் ரூட்டரே சிக்கனம்.