கோமாளிகளுக்கு ஒரு வீடு கட்டினால்

தங்கச்சியின் மூத்த மகளின் நிக்காஹ்வுக்காக 2024 ஓகஸ்டில் லண்டன் போயிருந்தேன். வலீமா முடிந்து இரண்டாம் நாள் இளைய மருமகள் என்னை இழுத்துக்கொண்டு போன இடம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கிழக்கு லண்டனில் எக்செல் கண்காட்சி மண்டபங்கள் உள்ள பகுதியில், ‘பிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் வீடுகளையும் கோப்பிக்கடையையும் திரையில் கண்டபடியே கட்டி வைத்து, டிக்கெட் விற்று உள்ளே விட்டார்கள். ரசிகர்கள் அந்தச் சோபாவில் இருந்தார்கள், அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். “மாமா, நீங்க தமிழ் படிச்ச ஆள். உங்களுக்கு இது புடிக்குமோ தெரியா. எண்டாலும் வாங்க” என்றாள்.

புடிக்கவில்லை என்று சொன்னால் பொய். தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆறு முகங்களும் அந்நியமானவை அல்ல. 1994 செப்டெம்பர் 22 இல் தொடங்கி 2004 மே 6 வரை, 10 பருவங்களாக 236 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. கதை நடப்பது நியூயோர்க் நகரில். படம்பிடித்ததோ கலிபோர்னியாவில், வோர்னர் பிரதர்ஸ் கலையகத்தில். தொடருக்கு 25 வயதான 2019 இல் இந்தக் காட்சிக்கூடத்தை முதலில் நியூயோர்க்கிலேயே திறந்தார்கள். அதாவது கலிபோர்னியாவில் பலகையால் செய்த நியூயோர்க்கை, உண்மையான நியூயோர்க்குக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் லண்டனில் கண்டது நகலுக்கு ஒரு நகல்.

கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. மொனிக்காவின் வீட்டு ஊதாக் கதவும், அதில் மாட்டியிருக்கும் மஞ்சள் சட்டமும் அப்படியே இருந்தன. ஜோயியும் சாண்ட்லரும் சாய்ந்து கிடக்கும் கதிரைகள், மேசைக் கால்பந்து, கோப்பிக்கடையின் செம்மஞ்சள் சோபா எல்லாம் இருந்தன. ரோஸ் ஒரு சோபாவை மாடிப்படியில் ஏற்ற முடியாமல் “திருப்பு, திருப்பு” என்று கத்தும் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் படிக்கட்டும் சோபாவும் இருந்தன. ஆட்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் சோபாவைப் பிடித்துக் கத்தி, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் கத்தினேன். மருமகள் எடுத்த படத்தில் என் தொப்பி சரிந்திருக்கிறது.

ஆனால் வெளியே வந்தபோது மனதில் ஏதோ குறைந்தது. அது என்னவென்று யோசித்தேன். அந்தத் தொடரைத் தாங்கி நின்றது கதவோ கதிரையோ அல்ல, ஆறு பேரின் ஓயாத கதைதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்து, மூன்றாமவர் திருப்பிப் போட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்த நான்காமவர் அதைத் தப்பாக விளங்கி, அப்படிப் பிறந்த சிரிப்பு அது. காட்சிக்கூடத்தில் அந்தக் கதை இல்லை. ஒரே சோபாவுக்காக அரை மணி நேரம் காத்து நின்றோம்; முன்னால் நின்றவருடன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. வீடு இருக்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. உலகத்துச் சனம் எல்லாம் வந்து சேர்ந்த நகரம் நியூயோர்க். அந்த நகரத்து ஆறு நண்பர்களும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே பேச்சு. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டா கவ்ஃப்மன் 2022 இல் இந்தக் குறையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். தாம் படித்த பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்க, ஆபிரிக்க-அமெரிக்க ஆய்வுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்த 40 இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பழைய அத்தியாயங்களுக்குள் புதிதாக ஓர் அயலவரைக் குடியேற்ற முடியாதே. நகரத்தின் துயரமும் அந்த வீட்டுக்குள் அதிகம் நுழைந்ததில்லை. 2001 செப்டெம்பர் 11 க்குப் பிறகு, விமான நிலையத்தில் குண்டைப் பற்றிப் பகிடி விட்டு மாட்டிக்கொள்ளும் காட்சியொன்றை ஒளிபரப்புக்கு முன்னரே எடுத்துவிட்டு வேறு காட்சி வைத்தார்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வரலாறு உள்ளே வராத வீட்டைத்தான் இவ்வளவு துப்புரவாகத் திரும்பக் கட்டலாம் என்று பட்டது.

ரயிலில் திரும்பி வரும்போது மருமகள் கேட்டாள்: “மாமா, நம்மட நாட்டுல இப்பிடி ஒண்டு கட்டுறதெண்டா எதக் கட்டுவாங்க?”

யோசிக்காமலே சொன்னேன்: “கோமாளிகள்.”

அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அங்கே பிறந்த பிள்ளை, தெரியாதது அவளுடைய குற்றமல்ல. கொழும்பில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது என்பதுதான் கவலை.

எழுபதுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்றொரு தொடர் நாடகம் போனது. எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாகக் கதைத்தவரும் அவரே. யாழ்ப்பாணப் பேச்சுடன் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்களம் கலந்த தமிழுடன் உபாலியாக எஸ். செல்வசேகரன், பிராமணப் பேச்சுடன் ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் கடைசிவரை நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. எனக்குச் சொன்னவர் வாப்பா. கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு சில்லறைக்கடை இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் வானொலிப் பெட்டி. நாடகம் தொடங்கினால் சாமான் வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார்களாம். கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், தமிழ் அரைகுறையாய் விளங்கும் சிங்கள நாட்டாமைகள் எல்லோரும் ஒன்றாய் நின்று சிரிப்பார்களாம். “நம்மட பேச்சு ரேடியோவுல வருது” என்று வாப்பாவுக்கு ஒரே பெருமை. மரிக்கார் முஸ்லிம் அல்ல என்று யாரோ சொன்னபோது அவர் நம்பவில்லை. ஐயராகக் கதைப்பவர் அப்துல் ஹமீத் என்று தெரிந்ததும்தான் சமாதானமானார். “நாங்க ஒரு மரிக்கார வாங்கினம், ஒரு ஐயரக் குடுத்தம். கணக்குச் சரி” என்பார். கடைக்காரரின் விமர்சனம். இதைவிடச் சுருக்கமாக நான் எழுதிவிட முடியாது.

ஆனால் எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவு இலேசாகத் தீரவில்லை. நான் படித்த பாடசாலையொன்றில் ஒரு நாள் வாய்விட்டு வாசிக்கும்போது ‘இருக்கிறது’ என்ற இடத்தில் ‘ஈக்கிது’ என்று வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு வருடம் எனக்குப் பெயர் மரிக்கார். கூப்பிட்ட பொடியன்மார் அந்த நாடகத்தைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். பெற்றோரிடமிருந்து பெயர் மட்டும் வந்திருந்தது. வாப்பாவுக்குப் பெருமையாக இருந்த அதே பெயர் எனக்குக் கல்லெறியாக வந்து விழுந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்ததற்கு அந்த இரண்டு வருடமும் ஒரு காரணம் என்று பின்னாளில் எனக்கே விளங்கியது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: கோமாளிகள் எங்களைக் கிண்டலடித்ததா, எங்களுக்கு இடம் கொடுத்ததா?

தமிழ்நாட்டுப் பழைய படங்களில் வரும் ‘நம்பள்கி நிம்பள்கி’ சாயபுவோடு மரிக்காரை ஒப்பிட்டால் விடையின் பாதி கிடைக்கும். அந்தச் சாயபுவைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ‘சரியான’ தமிழ் கதைப்பார்கள். அவர் ஒருவர்தான் பிழை, அதனால்தான் சிரிப்பு. கோமாளிகள் நால்வரில் ‘சரியான’ தமிழ் கதைப்பவர் எவருமில்லை. யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரு இழுவை, ஐயருக்கும் ஒரு நெளிவு, உபாலிக்கும் ஒரு தடுக்கல். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க அங்கே ஆள் இல்லாதபடியால், நாலு பேரும் நாலு பேரையும் பார்த்துச் சிரிக்கலாம். மொனிக்காவின் வீட்டில் இல்லாத அயலவர்கள் இங்கே தொடரின் தூணாகவே நிற்கிறார்கள்.

எங்கள் பேச்சை எங்களில் ஒருவரல்லவா கதைத்திருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவரின் பேச்சை அச்சொட்டாகப் பிடிக்க, பக்கத்தில் இருந்து பலகாலம் காது கொடுத்திருக்க வேண்டும். ஒரு சுவர் தாண்டினால் பாங்கும், இன்னொரு சுவர் தாண்டினால் கோயில் மணியும் கேட்கிற கொழும்புத் தோட்டங்களில்தான் அப்படிப்பட்ட காதுகள் வளர்ந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்கள் தம் மண்ணின் பேச்சைச் சிறுகதைகளில் துணிந்து எழுதினார்கள். கொழும்புச் சோனகர் பேச்சை நாங்கள் எவ்வளவு எழுதினோம்? நாங்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்ததை ராமதாஸ் நாடறியக் கதைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடையின் மற்றப் பாதி நாடகத்துக்கு வெளியே இருக்கிறது. வானொலியில் இல்லாத அளவுகோல் வகுப்பறையில் இருக்கிறது. அதே ‘ஈக்கிது’ அங்கே வந்ததும் பிழையாகிறது, பெயர் பட்டமாகிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். அதன் பிறகு அப்புக்குட்டியும் மரிக்காரும் ஒரே வீட்டில் இருந்து பகிடி விடுவதைக் கற்பனை செய்யவே ஒரு தயக்கம் வந்தது. 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, காலி வீதி பஸ்ஸில் தொலைபேசி வந்தால் ஸலாம் சொல்லாமல் “ஹலோ” என்று எடுக்கப் பழகினேன். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன்; படிக்கட்டில் அயலவருடன் நான் கதைப்பது ஒரு தமிழ், கதவைச் சாத்திய பிறகு கதைப்பது இன்னொரு தமிழ். என்னைப் போல் எத்தனை பேர் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

கோமாளிகளுக்கு ஒரு வீடு கட்டினால் எப்படிக் கட்டுவது? படமாக வந்தாலும் அதன் உயிர் வானொலியில். வானொலிக்கு ஊதாக் கதவு கிடையாது. கேட்ட ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாமானைப் போட்டு அந்த வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். வாப்பாவின் மரிக்கார் தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆகவே சோபா தேவையில்லை. ஒரு அறையும் நாலு கதிரையும் நல்ல ஒலிபெருக்கியும் போதும். ஆனால் குரல் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒலிநாடா, பூஞ்சணம் பிடித்து அறுந்துபோய்விட்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கள் அச்சுப் பிரதிகளில் பெரும்பகுதியை மின்வடிவில் காப்பாற்றித் தந்திருக்கிறது. குரல்களுக்கும் அதே அக்கறை வேண்டும். பரணில் பழைய ஒலிநாடா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். பாட்டு என்று நினைத்து ஒதுக்கியதற்குள் ஒரு நாடகம் இருக்கலாம். அந்த அறைக்குள் 1983 உம் 1990 உம் 2019 உம் வரட்டும். சிரிப்பை மட்டும் வைத்தால் அதுவும் பலகையால் செய்த கொழும்புதான்.

லண்டனில் பிறந்த என் மருமகள் அன்று ரயிலில் வெட்கமில்லாமல் “பசிக்கிது மாமா, ஊட்டுல புரியாணி ஈக்கிது” என்றாள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் ஆசிரியரான நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து, பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வீட்டில் நடக்கும் ஒரு கதையைப் பத்து வரியில் உரையாடலாக எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளையின் உம்மும்மா “உணவு ஆயத்தமாக இருக்கிறது, வாருங்கள்” என்கிறார்.

“உம்மும்மா இப்படியா மகன் கதைக்கிற?” என்று கேட்டேன்.

“இல்ல சேர். சோறு ஈக்கிது, வாங்க எண்டுதான் சொல்லுவாங்க. அப்பிடி எழுதினா நீங்க சிவப்புப் பேனையால வெட்டுவீங்களே.”

பரீட்சையிலும் வெட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உரையாடலுக்குள் உம்மும்மாவின் பேச்சை எழுது, வெளியே கட்டுரைத் தமிழில் எழுது, இரண்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் ‘இருக்கிறது’ என்பதை வெட்டினான். இருபது வருடத்தில் என் வகுப்பில் அப்படி ஒரு வெட்டு விழுந்தது அதுதான் முதல் தடவை.