காகிதம் நின்ற கதை

கதை எழுதுகிறவன் சித்திரக்காரர்களைப் பற்றிப் பேசப் புகுந்தால், "இவருக்கு எதற்கு இந்த வம்பு?" என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது. வர்ணங்களின் பெயர்கூடப் பாதிதான் தெரியும். ஆனால் ஓர் இளைஞன் முதன் முதலாக ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து நம் முன் வைக்கிறபோது அவன் முகத்தில் தெரிகிற ஆவலும் பயமும் எனக்குத் தெரியும். அவன் கொண்டு வந்தது கதையாக இருந்தாலும் சரி, கம்பியும் துணியும் சேர்த்துக் கட்டிய உருவமாக இருந்தாலும் சரி, அதைப் பார்த்து என்ன சொல்வது என்கிற சங்கடம் ஒன்றேதான். அந்தச் சங்கடத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கலைக் கல்லூரிகளில் இப்போது 'மிக்ஸட் மீடியா' என்று ஒரு வகுப்பு நடக்கிறது. வர்ணம் மட்டும் போதாது, களிமண் மட்டும் போதாது. மரம், தகரம், சாக்கு, கண்ணாடி, பழைய செய்தித்தாள், தைத்த துணி என்று எதையும் எதனோடும் சேர்க்கலாம் என்பது அதன் விதி. வருஷ முடிவில் மாணவர்களின் வேலைகளை வைத்துக் கண்காட்சி நடத்துவார்கள். அப்படிப்பட்ட கண்காட்சியில் ஓர் உடைந்த கடிகாரம் இருக்கும். அது காலத்தைக் குறிக்கும். முள்கம்பி இருக்கும், அது அடிமைத்தனம். தலையில்லாத பொம்மை இருக்கும். அது தொலைந்துபோன குழந்தைப் பருவம். பக்கத்துச் சுவரில் இவற்றையெல்லாம் விளக்கி மாணவனே எழுதிய ஒரு குறிப்பும் தொங்கும். பல கல்லூரிகளில் இந்தக் குறிப்புக்கும் மார்க்கு உண்டு.

குறிப்பைப் படித்துவிட்டால் பொருளைப் பார்க்கவேண்டிய அவசியம் இருப்பதில்லை. படிக்காமல் பொருளை மட்டும் பார்த்தால் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. இதுதான் என் குறை. மாணவர்களைக் குற்றம் சொல்லவில்லை. கடிகாரத்தை அந்தப் பையன் பார்க்கவே இல்லை. அதன் பல்சக்கரம் எப்படியிருக்கிறது, அதன் எனாமல் எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு லட்சியமில்லை. அவனுக்கு முன்கூட்டியே ஒரு கருத்து இருந்தது. அதை மாட்ட ஓர் ஆணி தேவைப்பட்டது. அப்படிச் செய்யத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வகுப்பு ஆரம்பமான இடத்தில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். 1919ல் ஜெர்மனியில் வைமார் நகரத்தில் வால்டர் குரோபியஸ் என்ற கட்டடக் கலைஞர் பௌஹௌஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். யுத்தத்தில் தோற்று, பணம் மதிப்பிழந்துகொண்டிருந்த தேசம். மாணவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள். அவர்களுக்கு ஆரம்ப வகுப்பு எடுத்த ஜோஹானஸ் இட்டன் என்பவர், மரத்துண்டு, இறகு, கம்பி, கண்ணாடி என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து, வழவழப்புக்கு எதிரே சொரசொரப்பு, கனத்துக்கு எதிரே லேசு என்று சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 1920ல் அங்கே 32 வயதில் ஒரு மாணவர் சேர்ந்தார். ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பெயர் ஜோசஃப் ஆல்பர்ஸ். வர்ணம் வாங்கப் பணமில்லாமல் முதுகில் ஒரு பையும் கையில் ஒரு சுத்தியலுமாக ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த பாட்டில்களைப் பொறுக்கி வந்து, அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துக் கண்ணாடிச் சித்திரங்கள் செய்தார். 1923ல் அதே பள்ளியில் அவரே ஆரம்ப வகுப்புக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தை, பிற்காலத்தில் ஓவியரான ஹானஸ் பெக்மன் என்ற மாணவர் பதிவு செய்திருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களோடு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். நாம் ஏழைகள், எதையும் வீணாக்க நமக்கு வசதியில்லை, இந்தக் காகிதம் இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக ஆகவேண்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தரிக்கோல், பசை எதுவும் இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது என்பதும் அவர் கருத்து. பையன்களும் பெண்களும் விழுந்து விழுந்து வேலை செய்தார்கள். சில மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கோட்டைகள், விமானங்கள், மிருகங்கள், சின்னச் சின்ன உருவங்கள் எல்லாம் தயாராக இருந்தன. அவர் அவற்றைப் பார்த்து, இதையெல்லாம் மரத்திலோ உலோகத்திலோ செய்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்குமே என்றார். பிறகு ஓர் ஓரத்தில் இருந்த ஒரு தாளை எடுத்தார். ஹங்கேரி தேசத்து மாணவன் ஒருவன் அந்தத் தாளை நெடுக மடித்து எழுப்பி நிறுத்தியிருந்தான். அவ்வளவுதான் செய்திருந்தான். துவண்டு படுத்துக் கிடப்பதே சுபாவமான காகிதம் ஒரு மடிப்பினால் தன் விளிம்பில் எழுந்து நின்றது. ஆல்பர்ஸ் அதைத்தான் மெச்சினார்.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கோட்டை கட்டின மாணவன் சோம்பேறி அல்ல. மற்றவனைவிட அதிகமாக உழைத்திருக்கவும் கூடும். ஆனால் அவன் கோட்டையை வேறெங்கோ பார்த்து மனத்தில் வைத்திருந்தான். காகிதம் அதைச் சுமக்கிற கூலியாள். தாளை மடித்தவன் காகிதத்திடமே, "உன்னால் என்ன முடியும்?" என்று கேட்டிருக்கிறான். எங்கள் தொழிலிலும் இப்படித்தான். இளைஞர்கள் படிக்கக் கொடுக்கிற கதைகளில் பத்துக்கு எட்டு காகிதக் கோட்டைகள். விதவையின் துயரம், ஏழையின் பசி, காதலின் தோல்வி எல்லாம் முன்பே கட்டி முடித்துக் கொண்டுவரப்பட்டிருக்கும். எந்த விதவை, எந்த ஊர், அவள் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள் என்று கேட்டால் பதில் இருக்காது. உடைந்த கடிகாரத்தை மாட்டிய பையனும் இந்த இளைஞனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

1933ல் நாஜிகளின் நெருக்குதலால் பௌஹௌஸ் மூடப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் ஆல்பர்ஸும் அவர் மனைவி ஆனியும் அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்து மலைப்பகுதியில் புதிதாகத் தொடங்கியிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆல்பர்ஸுக்கு இங்கிலீஷ் சரியாக வராது. கல்லூரிக்கோ பணம் கிடையாது. மாணவர்களும் ஆசிரியர்களும் வயல் வேலையும் சமையல் வேலையும் பங்கு போட்டுக்கொண்டு செய்தார்கள். ஆல்பர்ஸ் குப்பைமேட்டுப் பாடத்தை அங்கேயும் தொடர்ந்தார். இலை, மரப்பட்டை, முட்டையோடு, கம்பி என்று அக்கம்பக்கத்தில் அகப்பட்டதைக் கொண்டுவந்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, ஒன்று மற்றொன்று மாதிரித் தோன்றும்படி கண்ணை ஏமாற்றவேண்டும். ஏமாற்றத் தெரிய வேண்டுமானால் முதலில் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

நெசவுக் கலைஞரான ஆனி ஆல்பர்ஸ், மெக்ஸிகோவில் மோன்டே ஆல்பான் புதைகுழிகளில் கிடைத்த பழங்கால நகைகளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு 1940ஐ ஒட்டி அலெக்ஸ் ரீட் என்ற மாணவரோடு சேர்ந்து அவர் சில கழுத்து நகைகள் செய்தார். அவற்றில் ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டியில் போடுகிற சல்லடைத் தகட்டிலிருந்து காகிதம் செருகும் க்ளிப்புகளைத் தொங்கவிட்டது. படத்தில் பார்த்தாலும் அது சல்லடைதான், க்ளிப்புதான், எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு ராணி கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். சல்லடையின் ஓட்டை வரிசை எவ்வளவு ஒழுங்கானது என்பதை அதற்கு முன் எந்தச் சமையலறையிலும் யாரும் கவனித்ததில்லை. விளக்கக் குறிப்பு தேவைப்படாத வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

"எல்லாம் சரி, இது வெறும் கைப்பழக்கம்தானே? மாணவனுக்கு மனசு என்று ஒன்று கிடையாதா? அவன் பட்ட துன்பத்தைச் சொல்ல வேண்டாமா?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. ஆல்பர்ஸ் தம் வகுப்பில் சுய வெளியீடு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதவர். மாணவர்கள் செய்வது பயிற்சி, கலை அல்ல என்று கறாராக இருந்தவர். இந்தக் கறாரில் ஓர் இளம் உள்ளம் நசுங்கிப் போகாதா?

பதிலுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ரூத் அசாவா 1926ல் கலிபோர்னியாவில் காய்கறி பயிரிடுகிற ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். 1942ல் அமெரிக்க அரசாங்கம் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தாரைக் காவல் முகாம்களில் அடைத்தபோது, அவர் தகப்பனாரைத் தனியே கைது செய்து கொண்டுபோனார்கள். அந்தப் பெண்ணும் மற்றவர்களும் சான்டா அனீட்டா குதிரைப் பந்தய மைதானத்தில் குதிரை லாயத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அப்புறம் ஆர்க்கன்ஸா மாகாணத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும், ஜப்பானிய முகம் என்பதால் அவருக்கு வாத்தியார் பயிற்சியை முடிக்க வழியில்லாமல் போயிற்று. 1946ல் அவர் பிளாக் மவுண்டனுக்கு வந்தார். முள்கம்பியைச் சின்னமாக மாட்ட உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தால் இவருக்கு இருந்தது.

அவர் அதைச் செய்யவில்லை. கல்லூரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தபோது, துணிகளில் கல்லூரியின் பெயரெழுத்துக்களைக் குத்துகிற ரப்பர் முத்திரையை எடுத்துக் காகிதத்தில் திரும்பத் திரும்பக் குத்தி அலை அலையாகச் சித்திரங்கள் செய்தார். 1947 கோடையில் மெக்ஸிகோவில் டொலூகா என்ற ஊருக்குப் போனவர், அங்கே சந்தையில் முட்டை வைக்கிற கம்பிக் கூடைகளைப் பின்னும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். அந்தப் பின்னலையே வளர்த்து, கூடைக்குள் கூடையாக, உள்ளும் வெளியும் ஒன்றாகத் தெரிகிற உருவங்களை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். 1950களில் சில விமரிசகர்கள் இது வீட்டுப் பெண்களின் கைவேலை என்று ஒதுக்கினார்கள். 2013ல் அவர் காலமானார். 2020ல் அதே அமெரிக்க அரசாங்கம் அந்தக் கம்பி உருவங்களைத் தபால் தலைகளில் அச்சிட்டது. வேலியாகக் கட்டி ஒரு பெண்ணை அடைத்து வைத்த அதே கம்பி, காற்றும் வெளிச்சமும் புகுந்து புறப்படுகிற கூடாக அவர் கையில் மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தோன்றுகிறது என்பதுதான் விசேஷம்.

இன்னொரு மாணவர் குருவுக்கு நேர் எதிரான குணம் படைத்தவர். ராபர்ட் ராஷன்பர்க் 1948ல் அங்கே சேர்ந்தார். ஆல்பர்ஸுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் தமக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஆல்பர்ஸே முக்கியமானவர் என்று பிற்காலத்தில் ராஷன்பர்க் சொல்லி வந்தார். ஒழுங்கை மதிக்காத இந்த மனிதர் அந்த வகுப்பிலிருந்து என்னதான் எடுத்துக்கொண்டார் என்பதற்கு 1955ல் அவர் செய்த 'படுக்கை' என்ற சித்திரம் சாட்சி. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு பழைய போர்வையைத் திரையாக மாட்டி அதன்மேல் வர்ணம் தீட்டப் பார்த்தார். எவ்வளவு தீட்டினாலும் போர்வை போர்வையாகவே இருந்தது, சித்திரத்துக்கு மசியவில்லை. கடைசியில் அவர் பணிந்து, ஒரு தலையணையையும் சேர்த்து, அதைப் படுக்கையாகவே ஆக்கிவிட்டார். பிறகு இடுப்பில் கார் டயர் மாட்டிய, பஞ்சடைத்த ஆட்டை வைத்து ஒரு வேலை செய்தார். 1955 முதல் 1959 வரை ஆட்டை எங்கே நிறுத்துவது என்று மூன்று விதமாக மாற்றி மாற்றிப் பார்த்தார். பார்த்தால் கிறுக்குத்தனம் போல இருக்கிற ஒரு பொருளுக்குப் பின்னால் இத்தனை வருஷப் பொறுமை இருந்திருக்கிறது. ஆட்டையும் டயரையும் பார்த்து இன்று காப்பியடிக்கிற மாணவர்கள் அந்தப் பொறுமையைக் காப்பியடிப்பதில்லை.

ஆல்பர்ஸின் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. தாளை மடித்து நிறுத்துகிற பாடம் இன்று எத்தனையோ டிசைன் கல்லூரிகளில் முதல் வருஷத்துச் சடங்காகிவிட்டது. எப்படி மடித்தால் நிற்கும் என்பது வாத்தியாருக்கும் தெரியும், மாணவனுக்கும் தெரியும். முதல் நாள் ஹங்கேரிக்காரன் மடித்தபோது இருந்த ஆச்சரியம் போய்விட்டது. அது இப்போது இன்னொரு காகிதக் கோட்டை. எந்தப் பாடமும் பதில் தெரிந்துபோன பிறகு செத்துவிடுகிறது. தவிரவும், வகுப்பில் செய்த பயிற்சியையே கலை என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் மாணவனுக்குச் செய்கிற உபகாரம் அல்ல. பாட்டுக் கற்றுக்கொள்கிறவள் ஸரளி வரிசையைச் சபையில் பாடுவதில்லை. அதற்காக ஸரளி வரிசை மட்டமானதும் அல்ல.

ஆகையால் மாணவர் கண்காட்சிகளை நான் பார்க்கிற முறை மிகவும் எளிமையானது. சுவரில் தொங்குகிற குறிப்பைப் படிப்பதில்லை. இந்தப் பொருளை இவன் தொட்டுப் பார்த்திருக்கிறானா, இது தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்ய இவன் இடம் கொடுத்திருக்கிறானா என்று மட்டும் பார்க்கிறேன். அப்படி ஒரு மூலை, ஒரு தையல், ஒரு மடிப்பு அகப்பட்டால் போதும். மற்ற இடமெல்லாம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. அந்த ஒரு மடிப்பை அவனுக்குக் காட்டி, "இது உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்பதுதான் ஆசிரியனுக்கும் விமரிசகனுக்கும் உள்ள வேலை. அவனுடைய துன்பமும் கருத்தும் எங்கேயும் ஓடிப்போய்விடாது. கை சரியாகப் பழகிவிட்டால், கூப்பிடாமலே அவை வேலைக்குள் வந்து சேரும்.