அரவான் எத்தனை முறை செத்தான்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரையில் 18 நாள் விழா காணும் கூத்தாண்டவர், அர்ச்சுனன் மகன் அரவான். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் விழுகிறான். 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் தொடங்கித் தமிழ் மரபிலோ போருக்கு முன்பே காளிக்குக் களப்பலி. பலியானவன் போர்க்களத்துக்கு எப்படி வந்தான்? கதை கேட்பவர் விடமாட்டார். வில்லிபுத்தூரார் ஒரு வரத்தால் முடிச்சை அவிழ்த்தார்: சில நாள் போர் பார்த்த பிறகே சாவு. சமாளிப்புதான், ஆனால் அழகான சமாளிப்பு. நாட்டார் கதை இன்னும் துணிந்து, வெட்டுண்ட தலையையே 18 நாள் போரையும் பார்க்க வைத்தது. பலிக்கு முந்தைய இரவில் மோகினியாக வந்த கண்ணனை அவனுக்கு மணமும் முடித்தது. மூலத்தில் இல்லாத இந்த இடைச்செருகல்தான் ரசிகரிடம் மூலத்தை வென்றது. கூவாகத்தில் திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வளையல் உடைத்து ஒப்பாரி வைப்பது அதன்படியே. முடிந்துபோனவனை மீண்டும் களமிறக்கும் இந்தச் சமாளிப்பு சினிமாவிலும் உண்டு: ‘எந்திரன்’ (2010) படத்தின் முடிவில் தன்னையே கழற்றிப்போட்ட ரோபோ சிட்டியும் ‘2.0’ (2018)-இல் திரும்பி வந்தது. அங்கே வரம் தேவைப்படவில்லை, திருப்புளி போதுமாயிருந்தது.