ஹர்கிலா படை: கூடுகளின் எண்ணிக்கை சொல்லாதது

அசாமின் ஹர்கிலா படை பற்றி வரும் கட்டுரைகளை வரிசையா படிச்சுப் பாருங்க, எல்லாம் ஒரே அச்சு. 2007ல் காம்ரூப் மாவட்டத்தின் தாதரா கிராமத்தில் ஒருவர் தன் வீட்டு மரத்தை வெட்டுகிறார், நாரைக் குஞ்சுகள் விழுகின்றன. அதைப் பார்த்த ஆய்வாளர் பூர்ணிமா தேவி பர்மன் மனம் மாறுகிறார். அப்புறம் விருதுகள்: 2017ல் விட்லி, 2022ல் ஐ.நா.வின் பூமியின் சாம்பியன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரின் கதையாகச் சொல்லும்போது, இந்தக் குழு ஏன் வளர்ந்தது என்ற கேள்வி காணாமல் போகிறது.

ஹர்கிலா என்றால் எலும்பை விழுங்குவது. ஐந்தடி உயரம், மொட்டைத் தலை, செத்த விலங்குகளையும் தின்னும். கூடு கட்டுவது காட்டில் அல்ல, வீட்டுத் தோட்டத்து மரங்களில். சொந்த மரத்தை வெட்டாதே என்று வனத்துறை எத்தனை வீட்டில் போய்க் காவல் நிற்கும்? கூட்டிலிருந்து எச்சமும் அழுகிய இறைச்சியும் முற்றத்தில் விழும். அதைக் கூட்டி அள்ளுறது யாரு? வீட்டுப் பெண்கள். பர்மன் பேசியது அவர்களிடம். சமையல் போட்டி நடத்தினார், பறவைக்கே வளைகாப்பு நடத்தினார், ஹர்கிலா உருவம் போட்ட துணி நெய்யத் தறியும் நூலும் கொடுத்தார். அபசகுனமாகப் பார்த்த பறவை வருமானமாகவும் பெருமையாகவும் மாறியது. இன்று 10,000க்கும் மேற்பட்ட பெண்கள். தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. என்னைப் பொறுத்தவரை சாதனை இதுதான்: பிரச்சினையின் சுமை யார் தலையில் இருந்ததோ, அவர்களிடமே தீர்வைக் கொடுத்தது.

சரி, இரண்டு விஷயம் இடிக்குது. 2023ல் இந்தப் பறவை அழியும் நிலையிலிருந்து அச்சுறுத்தலை அண்மித்த நிலைக்கு மாற்றப்பட்டதை அசாமின் கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள். பீகாரின் பாகல்பூரிலும், கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிப் பகுதியிலும் கூடுகளைக் காத்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

இன்னொன்று, கூடு மட்டும் போதுமா? குவஹாத்தியை ஒட்டிய தீபோர் பில் சதுப்புநிலம் 2002ல் ராம்சார் தலமானது. அதன் கரையோரம் போராகாவில்தான் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். நூற்றுக்கணக்கில் ஹர்கிலாக்கள் இரை தேடியது அந்தக் குப்பை மேட்டில். முற்றத்து மரத்தைப் பெண்கள் காப்பாற்றிவிடலாம். சதுப்புநிலத்தைக் காப்பது மாநகராட்சியும் மாநில அரசும் செய்ய வேண்டிய வேலை. பெண்களைப் புகழும் கட்டுரைகள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அடுத்த தடவை 'கூடுகள் பெருகின' என்று செய்தி வந்தால், அந்தக் குஞ்சுகள் எதைத் தின்று வளருதுன்னும் சேர்த்துத் தேடிப் பாருங்க.