நாதம்: தீர்ப்பு யாருடையது?

நல்ல இசை எது என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. சபாக்காரர்களின் பதில்: சுருதி சுத்தம், லயம், நாதம், இவையெல்லாம் சாதிக்கும் அரசியலுக்கும் அப்பாற்பட்டவை. நம் தோழர்களின் பதில்: மக்களுக்காக ஒலிப்பதே நல்ல இசை, மற்றதெல்லாம் பம்மாத்து. இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. மிருதங்கத்தை வைத்துப் பேசலாம்.

வெறும் தோலில் அடித்தால் அதிலிருந்து எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இயைவதில்லை. சத்தம் வரும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நிற்கிறது. நடுவிலுள்ள கறுப்புப் பூச்சின் எடைதான் அந்த மேற்சுரங்களை இயைபுக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். விஞ்ஞானம் அன்றைக்கு வந்தது. கல்பொடியும் சோறும் கலந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டு அந்த இயைபை உண்டாக்கிய காது அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சரியா பேசலைன்னா சுரண்டி எடுத்துட்டு மறுபடி போட வேண்டியதுதான். அதுதான் விமர்சனம். 'நாதம்' என்று சபா கொண்டாடுவதற்கு முதல் தீர்ப்பு சொன்னவர் தோல் தொழிலாளி.

ஆனால் தீர்ப்பு சொல்லும் தகுதி யாருக்கு இருப்பதாக ஒப்புக்கொள்கிறோம்? சங்கீத கலாநிதி விருது வாய்ப்பாட்டைத் தாண்டி மிருதங்கத்திடம் வந்து சேரவே 1966 ஆயிற்று. பாலக்காடு மணி ஐயருக்குத்தான் அது முதலில் கிடைத்தது. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் காது இல்லாமல் அந்த வாசிப்பு இல்லை. இந்தத் தலித் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா நூலாக எழுதினார். 2020ல் அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோல் மேடையில் ஒலிக்கலாம். அது மாட்டுத்தோல் என்று மேடையில் பேசக் கூடாது. தூய இசை என்கிற சொல்லாடல் இந்த மௌனத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் நாதம், லயம் எல்லாமே மேல்சாதிக் கட்டுக்கதை, தூக்கி எறியலாம் என்று முடித்துவிடலாமா? அப்படிச் செய்தால் அந்தத் தொழிலாளியின் காதையும் சேர்த்தே எறிகிறோம். அளவுகோல் அவருடையதும்தான். களவு போனது அளவுகோலின் மேல் அவருக்கிருந்த உரிமை.

பறைக்கு வருகிறேன். அதற்கு மிருதங்கத்தின் சுருதி தேவையில்லை. திறந்த வெளியில், கூட்டத்துக்கு மேலே, தூரத்துக்குக் கேட்க வேண்டும். ஆடுகிற காலைத் தூக்க வேண்டும். அதற்காகத்தான் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுகிறார்கள். சூடு இறங்கினால் முதலில் தெரிவது அடிக்கிறவருக்குத்தான். ஒருத்தர் குச்சி பிந்தினால் பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். அங்கேயும் நல்லது, கெட்டது உண்டு. அந்த அளவுகோல் வேறு, அவ்வளவுதான். அதன் கறார்த்தன்மை சபாவுக்குக் குறைந்ததல்ல.

நாம் என்ன செய்கிறோம்? போராட்ட மேடையில் பறை ஒலித்ததும் 'விடுதலையின் குரல்' என்று எழுதிவிடுகிறோம். நன்றாக அடித்தார்களா, சொதப்பினார்களா என்று ஒரு வரி கிடையாது. நோக்கம் நல்லது, அதனால் இசையும் நல்லது! எனக்கு இது மரியாதையாகப் படவில்லை, சலுகையாகத்தான் படுகிறது. சபா அவர்களை இசைக்கு வெளியே நிறுத்தியது. நாமும் அடையாளமாக மாற்றி வெளியேதான் நிறுத்துகிறோம்.

இசை நன்றாக இருப்பது ஒரு வேலை நன்றாக அமைவது. எதற்காக, எந்த வெளியில், எந்த உடம்புகளுக்காக ஒலிக்கிறதோ அந்த வேலையில் பழகிய காதுகளே அதை எடைபோடுகின்றன. அதிகாரம் அந்தக் காதுகளில் சிலவற்றுக்கு மட்டும் ரசனை என்று பேர் வைத்திருக்கிறது. ஆகவே அடுத்த முறை ஒரு பறைக் குழுவைப் பற்றி எழுதுகிற தோழர் முதலில் அடித்தவர்களிடம் கேட்கட்டும்: இன்னிக்கு எப்படி இருந்துச்சு? எந்த இடத்தில் நடை மாறியது, யார் பிசகினார், யார் இழுத்துப் பிடித்தார்? அந்தப் பதிலை எழுதட்டும். விடுதலையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.