பிறப்புக் கட்டம்: பகடை, பட்டியல், பரம்பரை

மாட்டுத்தாவணி என்றால் இன்று எல்லோருக்கும் பேருந்து நிலையம்தான். அது வந்தது 1999இல். பெயருக்குள் மட்டும் பழைய மாட்டுச் சந்தை மிச்சமிருக்கிறது. சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார். அது வயதைச் சொல்லும். நடக்கவிட்டுப் பார்ப்பார், அது உழைப்பைச் சொல்லும். அப்புறம் சுழி பார்ப்பார். கோபுரச் சுழி என்றால் வீடு விளங்கும், பாடைச் சுழி என்றால் வாங்கியவன் பாடை ஏறுவான். பல்லும் நடையும் மாட்டைப் பற்றிய அறிவு. சுழியோ பிறக்கும்போதே மாட்டின் மேல் எழுதப்பட்டதாக மனிதன் வாசித்துக்கொள்ளும் ஒரு பிரதி. மாடு எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பிரதியிலிருந்து அதற்கு விடுதலை கிடையாது.

இதே வாசிப்பு முறை ஒரு மேற்கத்திய மேசை விளையாட்டுக்குள் ஐம்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் வெளியிட்டது. நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். நம் கூத்தின் கட்டியங்காரனைப் போல ஒருவர் கதையை நடத்துகிறார். வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டும். அந்தத் தாளில் வலிமை, அறிவு, வசீகரம் என்று எண்கள் இருக்கும். 'இனம்' என்று ஒரு கட்டமும் இருந்தது. அந்தக் கட்டத்தில் எழுதியது மற்ற எண்களைக் கூட்டும், குறைக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி-ஓர்க் இனத்தவனுக்கு வலிமையில் 2 கூடும். அறிவில் 2, வசீகரத்தில் 2 குறையும். உடம்பு உண்டு, மூளை இல்லை, முகம் இல்லை. இந்த வர்ணனையை இதற்கு முன்னால் யாரைப் பற்றி, யார் வாயால் கேட்டிருக்கிறோம் என்று யோசிக்க நமக்கு அதிக நேரம் ஆகாது.

'அட விடுங்கப்பா, வெளையாட்டுக்குப் போயி இவ்வளவா? ஓர்க்குன்னு ஒருத்தன் உலகத்துல இருக்கானா?' என்பது இந்த இடத்தில் வரும் முதல் கேள்வி. மேற்கிலும் இதே கேள்விதான். ஓர்க் இல்லைதான். ஆனால் ஓர்க்கைக் கற்பனை செய்யப் பயன்பட்ட சொற்கள் எல்லாம் இருந்தவைதாம். ஓர்க்குகளை இந்த விளையாட்டுக்குத் தந்த டோல்கின், 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவற்றின் தோற்றத்தை மங்கோலிய முகங்களோடு ஒப்பிட்டிருக்கிறார். சரணடைந்த எதிரியை அறவழி வீரன் கொல்லலாமா என்ற கேள்வி 2005இல் கைகாக்ஸிடம் வந்தது. கொல்லலாம் என்று வாதிட்ட அவர், ஈர்தான் பேனாகும் என்ற பொருள்பட ஒரு பழைய வாசகத்தை எடுத்துக்காட்டினார். 1864இல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செய்யென், அரப்பாஹோ மக்களைக் குழந்தை குட்டிகளோடு கொன்ற படையின் தலைவன் சிவிங்டன் பெயரில் வழங்கும் வாசகம் அது. ஆக, ஓர்க் குழந்தையைக் கொல்வதற்கான நியாயத்தைச் செவ்விந்தியக் குழந்தைகளைக் கொன்றவர்களிடமிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது. கற்பனை வெற்றிடத்தில் நடப்பதில்லை.

நம் சரக்கும் அங்கே போயிருக்கிறது. 1977இல் வந்த இந்த விளையாட்டின் பூத கணக் கையேட்டில் 'ராட்சசன்' உண்டு. புலித்தலை, பட்டு அங்கி, வாயில் புகைக்குழாய். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். இந்தச் சாவு எந்த இராமாயணத்திலும் இல்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பேய்த் தொடரிலிருந்து எடுத்தது. 1980இல் வந்த கடவுளர் தொகுப்பில் இந்திரனுக்கும் காளிக்கும் உயிர்ப் புள்ளி கணக்கிட்டார்கள். 'இந்தியக் கடவுளர்' என்ற அந்தப் பட்டியல் வேதமும் புராணமும் தந்த பட்டியல். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பாண்டி முனீஸ்வரருக்கு அதில் இடமில்லை. இதில் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியா என்று கேட்டவனுக்கு இந்தியா என்று எதை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதும் கேள்விதான்.

அரக்கர் பிரச்சினை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. அரக்கன் யார் என்று எழுதும் எழுதுகோல் யார் கையில் என்பதற்காக ஓர் அரசாங்கமே புத்தகத்தைப் பிடித்துவைத்த ஊர் இது. அந்த விளையாட்டின் உலகத்திலும் இதே சிக்கல் உண்டு. ட்ரோ என்ற கருந்தோல் இனம் முழுவதும் தீயது. அதிலிருந்து ஒரே ஒரு நல்லவன் புறப்பட்டு வருகிறான். 1988இல் சால்வடோர் எழுதிய நாவலில் வந்து பெரும்புகழ் பெற்ற டிரிஸ்ட். நமக்கு அவனைத் தெரியும். நம் ஊரில் அவன் பெயர் விபீடணன். நல்ல அரக்கன் ஒருவனைக் காட்டுவது மற்ற அரக்கர்களைக் கொல்வதற்கான அனுமதிச் சீட்டு. விதிவிலக்கு விதியைக் காப்பாற்றுகிறது.

கடந்த சில ஆண்டுகளாக இந்தச் சண்டை அங்கே வெளிப்படையாகவே நடக்கிறது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பின்னணியில், விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஜூனில் ஓர் அறிக்கை விட்டது: ஓர்க்குகளும் ட்ரோக்களும் இனி மற்ற மக்களைப் போலவே சிக்கலான மனிதர்களாக எழுதப்படுவார்கள். 2022 டிசம்பரில் 'இனம்' என்ற சொல்லே கைவிடப்படும், 'உயிரினம்' என்று வரும் என்றது. 2024 பதிப்பில் அது நடந்தது. அதே ஆண்டில், பழைய பிரதிகளில் இருந்த பெண் வெறுப்பையும் காலனியப் பார்வையையும் ஒப்புக்கொள்ளும் முன்னுரையோடு விளையாட்டின் தொடக்க வரலாறு புத்தகமாக வந்தபோது, எலான் மஸ்க் வரை கொதித்தெழுந்தார்கள். 'எங்கள் பொழுதுபோக்கில் அரசியலை நுழைக்காதே' என்பது கூப்பாடு. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் அரசியலுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை.

இந்தச் சண்டையை இரண்டு வெள்ளைக்காரக் கோஷ்டிகளின் வாய்த் தகராறு என்று மதுரைக்காரன் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் இந்த விதிப்புத்தகம் இங்கே சட்டமாகவே இருந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்கள் பட்டியலில் ஏறின. கைரேகை உருட்டி எடுத்தார்கள். அதனால் 'ரேகைச் சட்டம்' என்பது ஊர்ப் பேச்சு. ராத்திரியில் ஆண்கள் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஒருவன் திருடினானா என்று யாரும் கேட்கவில்லை. எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களின் நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. கையேட்டில் 'எப்போதும் தீயவர்' என்று ஒரு வரி எழுதப்படுவதற்கும் பதிவேட்டில் ஒரு சாதியின் பெயர் எழுதப்படுவதற்கும் விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஒன்றில் பகடை உருளும், இன்னொன்றில் பிணம் விழும். ஆனால் இலக்கணம் ஒன்றே.

இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அன்று சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம் என்ன? இந்தியாவில் நெசவாளி மகன் நெசவாளி, தச்சன் மகன் தச்சன். ஆகவே குற்றத்தைக் குலத்தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய இனவாதத்தின் பாஷை இதில் குறைவு. சாதியைப் பார்த்து, அதன் தொழில் பிரிவினையை அப்படியே பெயர்த்தெடுத்து, குற்றத்துக்குப் பொருத்திய வாதம் இது. 'ரத்தம்' என்று சொல்லாமல் 'தொழில்' என்று சொல்லியே பிறப்பை எழுதிவிட முடிந்தது.

புதிய பதிப்பைக் கையிலெடுத்தால் இங்கேதான் இடறுகிறது. 2024 விதிகளில் இனத்தால் எண் கூடுவதில்லை, குறைவதில்லை. பெரிய சாதனை என்று கொண்டாடினார்கள். அப்படியானால் எண்கள் எங்கிருந்து கூடுகின்றன? 'பின்னணி' என்ற கட்டத்திலிருந்து. பின்னணி என்றால் நீ இதற்கு முன் என்ன தொழில் செய்தாய் என்பது. விவசாயி என்றால் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபு என்றால் வலிமை, அறிவு, வசீகரம். விவசாயிக்கு அறிவும் வசீகரமும் பட்டியலில் இல்லை. 'குற்றவாளி' என்றே ஒரு பின்னணியும் உண்டு. அமெரிக்க வாசகனுக்குத் தொழில் என்பது ஒருவன் தேர்ந்தெடுத்தது. அவனுக்கு இது விடுதலையாகப் படலாம். ஆனால் சலவை, சிரைப்பு, பறையடிப்பு, மலம் அள்ளுதல் ஆகியவற்றை 'முன்பு செய்த தொழில்' என்று யாரும் தேர்ந்தெடுத்திராத மண்ணில் நின்று படித்தால், பிறப்புக் கட்டம் அழியவில்லை, அடுத்த வரிக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்பதல்ல என் வாதம். சாதியை அறியாத இனவெறுப்பு எதிர்ப்பு, இனத்தை வெளியேற்றும் கதவு வழியாகவே சாதியை உள்ளே விடும் என்பதே வாதம். மேற்கின் விமர்சனத்தில் விடுபட்ட இந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம் வேலை.

பெயர் மாற்றம் பற்றியும் நமக்கு அனுபவம் உண்டு. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பரம்பரை போனது, 'வழக்கம்' வந்தது. சட்டத்தின் எழுத்தில் இனி தனி ஆள்தான் குற்றவாளி. ஆனால் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்ற போலீஸின் பழக்கம் சொல்லோடு சேர்ந்து ரத்தாகவில்லை. அதற்காகச் சொல் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1979இல் தமிழக அரசு சீர்மரபினரைப் 'பழங்குடியினர்' என்பதிலிருந்து 'வகுப்பினர்' என்று மாற்றியது. ஒரு சொல் மாறியதால் கைநழுவியதை மீட்க அந்த மக்கள் நாற்பது ஆண்டுகள் போராடி, 2019இல் மத்திய அரசின் திட்டங்களுக்காகப் பழைய பெயரில் சான்றிதழ் பெறும் உரிமையை வாங்கினார்கள். சொல்லோடு ஓர் உரிமை கட்டப்பட்டிருந்தால் சொல்லுக்காகச் சண்டை போடத்தான் வேண்டும். உரிமை எதுவும் கட்டப்படாத சொல் மாற்றம், கடைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது.

கடை என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. 1999 முதல் இந்த நிறுவனம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் சொத்து. 2022 ஜூலையில் கறுப்பின, பழுப்பு நிற எழுத்தாளர்களே எழுதிய ஒரு சாகசத் தொகுப்பை அது வெளியிட்டது. அதில் வங்காள ஆறுகளின் சாயலில் ஒரு நிலத்தை எழுதியவர் மிமி மண்டல், தலித் என்று தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட எழுத்தாளர். இது சின்ன விஷயம் அல்ல. ராட்சசனுக்குப் புலித்தலை ஒட்டிய அதே அச்சகத்துக்குள் வேறொரு கை எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த மாதமே அதே நிறுவனம் வெளியிட்ட இன்னொரு நூலில், மந்திரவாதி ஒருவன் குரங்குகளைப் பிடித்து அறிவூட்டி அடிமையாக விற்கப் பார்த்ததாக ஹடோசீ என்ற இனத்துக்குக் கதை எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். ஒரு கையில் அடையாளம், இன்னொரு கையில் அவமானம். இரண்டுக்கும் விலை ஒட்டிய அட்டை ஒன்றுதான். அடையாளத்தைத் தனி நூலாக ஒதுக்கிவிட்டு மைய விதிகளைத் தொடாமல் விடுவது, ஊருக்கு வெளியே சேரி அமைப்பது போன்ற ஏற்பாடு.

பிறப்புக் கட்டத்தை யார் நிரப்புவது என்ற சண்டையை மதுரைவீரன் கதையிலும் காணலாம். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலில் நிற்கிற வீரன், அச்சில் வந்த கதைப்பாடலின்படி காசி ராஜன் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். 'வளர்ந்ததென்ன, பிறந்ததே எங்கள் வீட்டில்தான்' என்கிறது அருந்ததியர் தரப்பு. சக்கிலியன் வீரனாக இருக்கக்கூடாது என்பதற்காகவே ராஜ ரத்தம் பின்னால் ஏற்றப்பட்டது என்ற இந்த வாசிப்பு வலுவானது. கதையை இன்னும் கொஞ்சம் தொடர்ந்தால் வேறொன்றும் தெரியும். திருமலை நாயக்கருக்காக வீரன் அடக்கப் போவது யாரை? கள்ளரை. ஒடுக்கப்பட்டவனை நாயகனாக்கும் கதையே அவனுக்கு வெட்டுவதற்கென்று இன்னொரு குலத்தை எடுத்துக் கொடுக்கிறது. கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்படுவது வீரனுக்குத்தான். பட்டியலை வைத்திருக்கிறவன் கதைக்கு வெளியே பத்திரமாக இருக்கிறான்.

ஆகவே ஓர்க்கை நல்லவனாக்குவது, அரக்கனை நாயகனாக்குவது, பெயரை மாற்றுவது எல்லாம் தேவையான வேலைகள், ஆனால் பாதி வேலைகள். இலக்கணம் இருக்குமிடம் அந்தத் தாள். பிறப்பு என்று ஒரு கட்டம், அதிலிருந்து குணத்துக்கு ஒரு கோடு. இந்தத் தாள் இன்று மேசையோடு நிற்கவில்லை. 2023இல் உலகெங்கும் விற்ற பால்டர்ஸ் கேட் 3 முதலான கணினி விளையாட்டுகள் பலவற்றுக்கும் மூலத் தாள் இதுதான். மேசை ஆட்டத்தை அறியாத இளைஞனும் கணினித் திரையில் முதலில் நிரப்புவது இந்தக் கட்டத்தைத்தான்.

சட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டேன் என்றவனுக்குத் துப்பாக்கி பதில் சொன்னது. மேசையில் 'இந்த விதி வேண்டாம்' என்று நாலு பேர் சொன்னால் விதி அங்கேயே செத்துப்போகும். வேடம் கட்டி ஆடத் தெரிந்த, தாயக்கட்டை உருட்டத் தெரிந்த நம் ஊரில் இந்த வடிவத்தை எடுத்தாளத் தடையென்ன? ராத்திரிச் சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டிய ஐந்து பேரின் கதையை ஆடிப்பார்க்கலாம். அந்த ஆட்டத்தில் பூதத்துக்குப் புலித்தலை தேவைப்படாது. அதன் கையில் ஒரு பதிவேடும் மைப்பெட்டியும் இருந்தால் போதும்.