காரீயமும் சாட்சியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் சபையார் ஒருவர் அண்மையில் ஒரு துண்டுப் பிரசுரத்துடன் என்னிடம் வந்தார். ஆட்டிசம் உள்ள அவருடைய மகனின் உடலிலிருந்து நச்சு உலோகங்களை அகற்றினால் பேச்சு வரும் என்று அது உறுதி கூறியது. "ஐயா, இது விஞ்ஞானந்தானே?" என்றார்.

அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குதல் நியாயமன்று. பழைய பேட்டரிகளை உருக்கிக் காரீயம் பிரிக்கும் ஆலைகள் அப்பகுதியில் உண்டு. காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதும், இரத்தத்தில் அது மிகுந்தால் கிலேஷன் என்னும் சிகிச்சை அதனைப் பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் என்பதும் மெய்யான மருத்துவமே. பிழை மருந்தில் இல்லை. பிரசுரத்தின் வாதத்தில் இருக்கிறது. மருத்துவர் முதலில் இரத்தத்தைச் சோதிப்பார். காரீயம் மிகவில்லையெனில் மருந்தும் இல்லை. பிரசுரத்தாரோ முதலில் மருந்தைக் கொடுத்து, பின்பு சிறுநீரைச் சோதிக்கிறார்கள். அம்மருந்தை யாருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் உலோகம் கூடுதலாகவே வெளிப்படும். 'இல்லை' என்று விடை தர இயலாத சோதனை சோதனையாகுமா?

இது வெறும் தர்க்கப் பிழையன்று. 2005இல் பென்சில்வேனியாவில் இச்சிகிச்சை பெற்ற ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன், இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாண்டான்.

பிரசுரத்தின் பின்பக்கம் முழுவதும் தாய்மாரின் சாட்சிகள். சாட்சி என்பது நம் சபைகளில் மதிப்புள்ள சொல். அதனாலேயே நாம் இங்கு எளிதில் இடறுகிறோம். அத்தாய்மார் பொய் கூறவில்லை. மாற்றத்தைக் கண்டார்கள், ஆனால் அதன் காரணத்தை அவர்கள் காணவில்லை. செக்ரடின் என்னும் சுரப்புநீர் ஊசியால் மூன்று குழந்தைகள் தேறியதாக 1998இல் செய்தி பரவியபோது, அமெரிக்கப் பெற்றோர் பலர் அதனைத் தேடி ஓடினர். 1999இல் 60 குழந்தைகளை வைத்து ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்குச் செக்ரடின், மறு சாராருக்கு உப்புநீர். எவருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இரு சாராரும் ஒன்றுபோலவே தேறினர்! முடிவை அறிந்த பின்னரும் பெற்றோரில் பெரும்பாலோர் அவ்வூசியை நாடினர் என்பதை ஆயர்கள் சிந்திக்க வேண்டும். குணமளிக்கும் கூட்டங்களில் நாம் ஏற்கும் சாட்சிகளிடம் இக்கேள்வியை நாம் கேட்டதுண்டா?

நம் நாட்டில் இன்று ஸ்டெம் செல் சிகிச்சையும் இவ்வாறே விற்கப்படுகிறது. ஆட்டிசத்துக்கு அதனை அளிப்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கூறியது. ஆயினும் சாட்சிகள் அச்சேறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பையனின் இரத்தத்தில் காரீயத்தைச் சோதிக்குமாறு அந்தத் தகப்பனாரிடம் கூறினேன். அது மிகுந்திருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, ஆனால் அது ஆட்டிசத்துக்கான சிகிச்சையன்று என்றும் விளக்கினேன். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் செல்ல வேண்டும் என்றபோது அவர் முகம் வாடியது. ஷிப்டு வேலைக்காரர். பிரசுரத்தார் பத்தே ஊசிகள் என்று சொல்லியிருந்தார்கள்.